ஆய்வுச் செய்தியில் விடுபடும் எண்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘ஆய்வில் தெரியவந்துள்ளது’ என்ற வரி இல்லாமல் நம் நாளிதழ்களின் மருத்துவப் பக்கம் வருவது அபூர்வம். இன்ன கீரை சர்க்கரையைக் குறைக்கும், இன்ன எண்ணெய் இதயத்துக்கு ஆகாது, இத்தனை மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் ஆயுள் குறையும் என்றெல்லாம் படிக்கிறோம். படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. தேவையில்லாத மாத்திரையை வாங்குகிறவர்களும் உண்டு. ஓர் ஆய்வில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லாதபோதும் அதன் முடிவு தவறாக இருக்க முடியும். அது எப்படி நேர்கிறது, செய்தி எழுதும் முன் எந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பவை தங்கள் செய்தியாளர்களுக்கும் வாசகர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற அக்கறையில் எழுதுகிறேன். சற்று நீண்ட கடிதம், பொறுத்தருள வேண்டும்.

2015-ல் ஜெர்மனியின் ‘பில்ட்’ நாளிதழ், சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்று ஒரு செய்தி வெளியிட்டது. பல நாட்டுப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. ஆய்வு நிஜமாகவே நடந்ததுதான். ஆட்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு; இன்னொன்றுக்கு அதே உணவோடு தினமும் சுமார் 42 கிராம் கறுப்புச் சாக்லேட்; மூன்றாவது குழு வழக்கம்போல் சாப்பிட்டது. மூன்று வாரம் நடந்தது. எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சாக்லேட் குழுவுக்கு எடை 10 சதவீதம் வேகமாகக் குறைந்திருந்தது. ஆய்விதழ் ஒன்றிலும் கட்டுரை வெளியானது. மே மாதம், ஆய்வின் பின்னணியில் இருந்த பத்திரிகையாளர் ஜான் பொஹானன், உணவு ஆய்வுகளும் அவற்றைப் பற்றிய செய்திகளும் எவ்வளவு எளிதாகத் தடம் புரளும் என்று காட்டவே இதைச் செய்ததாக வெளிப்படையாக எழுதினார்.

அந்த ஆய்வின் சூட்சுமம் இரண்டு எண்களில் இருக்கிறது. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 15 பேர். அளந்து பார்த்தவை 18: எடை, கொழுப்பு, சோடியம், இரத்தப் புரதம், தூக்கம் என்று நீளும் பட்டியல். சாக்லேட்டால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வோர் அளவீட்டிலும், ‘கண்டுபிடிப்பு’ என்று ஆய்வாளர்கள் ஏற்கும் அளவுக்கு வேறுபாடு தற்செயலாகத் தென்பட நூற்றுக்கு 5 வாய்ப்பு உண்டு. 18 அளவீடுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், 0.95-ஐ 18 முறை பெருக்கி, வந்ததை 1-லிருந்து கழிக்க வேண்டும். விடை 0.60. ஏதாவது ஒன்றில் ‘கண்டுபிடிப்பு’ கிடைக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு! எடையில் வராவிட்டால் தூக்கத்தில் வந்திருக்கும். சாக்லேட் சாப்பிட்டால் நல்ல தூக்கம் வரும் என்று தலைப்பு மாறியிருக்கும். எத்தனை பேர், எத்தனை அளவீடுகள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்தச் செய்தி அச்சேறியிருக்காது.

நூற்றுக்கு 5 என்ற இந்த எல்லை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் எழுதிய நூலின் வழியாகப் பரவியது. இருபதில் ஒன்று என்பது அவருக்கு ஒரு வசதியான எல்லை, அவ்வளவே. திரும்பத் திரும்பச் செய்தும் அதே முடிவு வந்தால்தான் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டதாகும் என்பது அவர் நிலைப்பாடு. இன்று ஒரே ஒரு ஆய்வில் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கிவிட்டால் பிரசுரம், பட்டம், பதவி உயர்வு எல்லாம் கூடிவருகின்றன. பி-மதிப்பு 0.05 என்றால் மருந்து வேலை செய்ய 95 சதவீத வாய்ப்பு என்று விளக்கம் சொல்பவர்களும் குறைவில்லை. அது தவறு. மருந்தில் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வேறுபாடோ இதைவிடக் கூடுதலோ தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே பி-மதிப்பு சொல்கிறது. இதைத் தெளிவுபடுத்த அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

அந்தத் தவறான விளக்கத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 1,000 மருந்துகளைச் சோதிக்கிறோம். அவற்றில் 100 மட்டுமே உண்மையில் பயன் தருபவை என்று வைத்துக்கொள்வோம். போதிய ஆட்களைக் கொண்டு நடத்திய நல்ல ஆய்வு, இருக்கும் பயனை நூற்றுக்கு 80 முறை கண்டுபிடிக்கும். ஆகவே 100-ல் 80 தேறும். பயனற்ற 900-ல் 5 சதவீதம், அதாவது 45-ம் தற்செயலாகத் தேறிவிடும். மொத்தம் 125 ‘வெற்றி’; அதில் 45 பொய். மூன்றில் ஒன்றுக்கு மேல். இனி, ஆட்கள் குறைவாக இருந்து, இருக்கும் பயனை நூற்றுக்கு 20 முறைதான் கண்டுபிடிக்க முடிகிறது என்றால்? 20 மெய், 45 பொய். இரண்டிலும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழேதான் அச்சாகியிருக்கும். சிறிய ஆய்வு உண்மையைத் தவறவிடும் என்பது பலருக்கும் தெரியும்; அது ‘கண்டுபிடித்தேன்’ என்று சொல்லும்போதும் நம்பிக்கைக் குறைவானது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. எதிர்பார்க்கும் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் எண்) வகுத்து, அதன் வர்க்கத்தால் 16-ஐ வகுத்தால் ஒரு குழுவுக்குத் தேவையான ஆட்கள் கிடைப்பார்கள். ஒரு மருந்து மேல் இரத்த அழுத்தத்தை 5 மி.மீ. குறைக்கும், ஆளுக்கு ஆள் உள்ள திட்ட விலக்கம் 15 மி.மீ. என்றால், 5-ஐ 15-ஆல் வகுக்க மூன்றில் ஒன்று. அதன் வர்க்கம் ஒன்பதில் ஒன்று. 16-ஐ அதனால் வகுக்க 144. இரு குழுவுக்கும் சேர்த்து 288 பேர். இதையே குழுவுக்கு 15 பேர் வீதம் 30 பேரை வைத்துச் செய்தால் என்ன ஆகும்? வேறுபாடு ஏறத்தாழ 11 மி.மீ.யைத் தாண்டினால்தான் பி-மதிப்பு எல்லைக்குக் கீழே வரும். உண்மையான பயனோ 5 மி.மீ. ஆக, அந்தச் சிறிய ஆய்வு எப்போதெல்லாம் வெற்றி என்று அறிவிக்கிறதோ அப்போதெல்லாம் பயனை இரண்டு மடங்குக்கு மேல் ஊதிப் பெருக்கித்தான் அறிவிக்கும். உளவியல் ஆய்வுகள் 100-ஐ மறுபடி செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டபோது இதுவே வெளிப்பட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் பி-மதிப்பு எல்லைக்குக் கீழே இருந்தது. மறுமுறை 36 சதவீதத்தில் மட்டுமே அப்படி வந்தது. தென்பட்ட விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகச் சுருங்கியது.

அளவீடுகளைக் கூட்டுவது ஒரு வழி என்றால், இடையிடையே எட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. 20 பேர் முடிந்ததும் கணக்குப் போடுவது, வரவில்லை என்றால் இன்னும் 20 பேரைச் சேர்ப்பது, வந்ததும் நிறுத்திக்கொள்வது. இப்படி 5 முறை பார்த்தால் தவறான வெற்றிக்கான வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 14 ஆகிறது. 10 முறை பார்த்தால் 19. இடையில் பார்க்கவே கூடாது என்பதில்லை. எத்தனை முறை பார்ப்போம், ஒவ்வொரு முறையும் எல்லையை எவ்வளவு இறுக்குவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரிய மருந்து ஆய்வுகளில் அதற்கென்றே தனிக் கண்காணிப்புக் குழு இருக்கிறது.

மூன்றாவது வழி, மொத்தத்தில் பயன் தெரியாதபோது ஆண், பெண், 40 வயதுக்குக் கீழ், நகரம், கிராமம் என்று கூறுபோட்டுத் தேடுவது. இதன் ஆபத்தைக் காட்ட ஐசிஸ்-2 ஆய்வைவிடச் சிறந்த சான்று கிடையாது. மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் நடந்து 1988-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. ஐந்து வாரத்தில் இதய, இரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 11.8 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 9.4 சதவீதம். இன்று மாரடைப்பு என்றதும் ஆஸ்பிரின் கொடுக்கிறார்களே, அதற்கான அடித்தளங்களில் ஒன்று இது. உட்பிரிவு வாரியாகவும் முடிவு வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தபோது, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதலாகவும், மற்றப் பத்து ராசிக்காரர்களுக்குப் பெரும் பயனாகவும் கணக்கு வந்தது! ராசியை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அந்த அட்டவணை அப்படியே எச்சரிக்கையாக நிற்கிறது. அதே இடத்தில் ‘நகரத்துப் பெண்கள்’ என்று எழுதியிருந்தால் நம்பியிருப்போம், செய்தியாகவும் வந்திருக்கும்.

இதிலேயே நுட்பமான ஒரு பிழை உண்டு. ஆண்களுக்குப் பி-மதிப்பு 0.03, பெண்களுக்கு 0.08, ஆகவே மருந்து ஆண்களுக்கு மட்டும் வேலை செய்கிறது என்று எழுதுவது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பயன் வேறுபடுகிறதா என்று அறிய இரண்டு பயன்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுத் தனிச் சோதனை செய்ய வேண்டும். நரம்பியலின் முன்னணி இதழ்களை 2011-ல் அலசியவர்கள், இந்த ஒப்பீடு தேவைப்பட்ட 157 கட்டுரைகளில் 79 தவறான வழியில் செய்திருந்ததைக் கண்டார்கள்.

இவை ஓர் ஆய்வுக்குள் நடப்பவை. வெளியே நடப்பது இன்னும் பெரிது. மனச்சோர்வுக்கான 12 மருந்துகள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் குழுவினர் 2008-ல் ஒப்பிட்டார்கள். நிர்வாகத்தின் மதிப்பீட்டில் 38 ஆய்வுகள் சாதகம். அவற்றில் 37 பிரசுரமாயின. மீதி 36 பாதகம் அல்லது ஐயத்துக்குரியவை. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம் என்று தோன்றும்படி எழுதப்பட்டன, 3 மட்டுமே உள்ளபடி வெளிவந்தன. ஆய்விதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு, ஏறத்தாழ எல்லா ஆய்வும் வெற்றி என்றே தோன்றியிருக்கும்.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேரைக் கொண்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மறைக்கவில்லை; 15 ஆண்டு தொடர்ந்து கண்காணித்து, அந்த முடிவையும் வெளியிட்டது. (குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து காப்பதால்தான் பிறந்தவுடன் அந்த ஊசி போடப்படுகிறது, பெற்றோர் தயங்க வேண்டாம்.) சென்னையில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதையும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சை எவ்வகையிலும் குறைந்ததில்லை என்று 1959-ல் காட்டியது. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று கூடுகிறதா என்று ஐந்தாண்டு பார்த்து, கூடவில்லை என்றும் உறுதி செய்தது. உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டது.

அதே சென்னையில்தான் இன்று ஆய்வேடு முடியும் தறுவாயில், சேகரித்த எண்களை எக்செல் கோப்பில் போட்டு, ‘பி-மதிப்பு வருமாறு பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. கல்லூரிகளைச் சுற்றி அதற்கென்றே கடைகள் உண்டு. மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திட்டமிடும் கட்டத்தில் அவர்களுக்குப் புள்ளியியல் துணை கிடைப்பதில்லை. ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவில், முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமை உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதுபோல, சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும்.

இத்தகைய சிறிய ஆய்வுகளிலிருந்து செய்தியாகிறவற்றில் இரண்டு வகை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்று, ஒப்பீட்டுக் குழு இல்லாத ‘முன்னும் பின்னும்’. சர்க்கரை 250-க்கு மேல் இருப்பவர்களாகத் தேர்ந்தெடுத்து ஒரு சூரணம் கொடுத்து, ஒரு மாதம் கழித்துச் சராசரி குறைந்தது என்பார்கள். உச்சத்தில் இருக்கும்போது தேர்ந்தெடுத்தால், எதுவும் கொடுக்காவிட்டாலும் அடுத்த அளவீட்டில் சராசரி இறங்கவே செய்யும். ஆய்வில் சேர்ந்த கவனத்தில் உணவும் மாறியிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதே நாளில், அதே அளவுகோலால் தேர்ந்தெடுத்த இன்னொரு குழுவுக்குச் சூரணம் கொடுக்காமல் அளந்தால்தான் விழுந்தது காக்கையாலா என்று தெரியும்.

மற்றொன்று, ‘30 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை’. 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 30-ல் 3, அதாவது பத்தில் ஒன்று. 30 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்ற முடிவு, உண்மையில் பத்துப் பேரில் ஒருவருக்குப் பக்கவிளைவு வரும் என்பதோடும் பொருந்தக்கூடியதே. ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று சொல்ல வேண்டுமானால், 3,000 பேரிடம் கொடுத்து ஒருவருக்கும் வராமல் இருக்க வேண்டும்.

எண்களைச் சொல்லும் விதமும் ஆளைக் கொல்லும். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டு அபாயம் இரண்டு மடங்காகிறது என்று எச்சரித்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது என்பதே அந்த ‘இரண்டு மடங்கு’. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பத்தினால் வரும் இரத்தக்கட்டு அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் வேதனை. ‘மடங்கு’, ‘சதவீதம் குறைவு’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும், ஆயிரத்தில் எத்தனை பேருக்கு இருந்தது எத்தனையாக ஆனது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஐசிஸ்-2 ஆய்வை அப்படி எழுதினால், ஆயிரம் பேரில் 118 இறந்த இடத்தில் 94 பேர் இறந்தார்கள்; 24 உயிர் மிஞ்சியது.

அச்சான எண்ணே சாத்தியமில்லாததாக இருப்பதும் உண்டு. 20 பேரிடம் 1 முதல் 5 வரை முழு எண்ணில் மதிப்பெண் கேட்டு, சராசரி 3.47 என்று அட்டவணையில் இருந்தால் 20-ஐ 3.47-ஆல் பெருக்குங்கள். 69.4 வருகிறது. முழு எண்களின் கூட்டுத்தொகை பின்னமாக வராது. 69 என்றால் சராசரி 3.45, 70 என்றால் 3.50. இடையில் எதுவும் இருக்க வழியில்லை. கைப்பேசியில் அரை நிமிட வேலை.

இவற்றுக்கெல்லாம் ஓரளவு கடிவாளம் போட்டது முன்பதிவு. அமெரிக்கத் தேசிய இதயம், நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வுகளை எடுத்துக்கொண்டால், 2000-க்கு முன் வெளியான 30-ல் 17 பயன் காட்டின. எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்று ஆய்வுக்கு முன்பே பதிவு செய்யும் நடைமுறை வந்தபின் வெளியான 25-ல் 2 மட்டுமே காட்டின. முன்பு கிடைத்த வெற்றிகளில் எத்தனை, முடிவைப் பார்த்தபின் இலக்கைத் தேர்ந்தெடுத்ததால் வந்தவை என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவிலும் அந்தப் பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007 ஜூலை முதல் நடத்திவரும் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. பதிவு எண்ணில் ஆண்டும் மாதமும் அடங்கியிருக்கும். செய்தியாளர் அங்கே பார்க்க வேண்டியவை: பதிவு செய்த தேதி, முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முந்தியதா, முதன்மை இலக்கு என்று அங்கே எழுதியதும் இப்போது வெற்றி என்று அறிவிப்பதும் ஒன்றுதானா, திட்டமிட்ட ஆட்கள் எத்தனை, கடைசியில் கணக்கில் வந்தவர்கள் எத்தனை. 300 பேர் என்று பதிந்துவிட்டு 110 பேரோடு வெற்றி அறிவித்தால், மீதி 190 பேர் என்ன ஆனார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சர்க்கரை அளவைக் குறைப்பதாகப் பதிந்த ஆய்வு, ‘உற்சாகம் கூடியது’ என்ற செய்தியாக வந்தால், சர்க்கரை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள்: மனிதர்களிடம் மருந்தோ உணவோ சோதித்த ஆய்வைப் பற்றிய ஒவ்வொரு செய்தியின் அடியிலும், பதிவு எண், ஆட்களின் எண்ணிக்கை, ஆயிரத்தில் எத்தனை பேருக்கு என்ற கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். பதிவு எண் இல்லாவிட்டால் ‘பதிவு செய்யப்படவில்லை’ என்று போடுங்கள். தாங்கள் வெளியிட்ட ஆய்வு பின்னர் திரும்பப் பெறப்பட்டால், அந்தச் செய்தியை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவப் புள்ளியியல் ஆசிரியர்,
மதுரை